சிகிச்சையோடு எச்சரிக்கையும் வீடு வரட்டும்

ஒளியால் வேலை செய்யும் மருந்து உடம்பில் இருக்கும்போது பல்ஸ் ஆக்சிமீட்டரை ஒரே விரலில் நெடுநேரம் மாட்டிவைத்தால் அந்த இடத்துத் தோல் வெந்துபோகலாம். இதைத் தடுக்கப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு கேள்வி, ஒரு கடிகாரம், ஒரு அட்டை போதும்.

தாம்பரத்துக்கு அருகே உள்ள பீர்க்கன்கரணையில் குடியிருப்பவருக்கு விழித்திரையில் கோளாறு என்றால், பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறி அதே தடத்தில் நுங்கம்பாக்கம் போய் இறங்கலாம். சென்னையின் பெரிய கண் மருத்துவமனைகளில் ஒன்றான சங்கர நேத்ராலயா அங்கே கல்லூரி சாலையில் இருக்கிறது. கண்ணுக்கான ஒளிச் சிகிச்சை படுக்கை போட்டுப் பார்க்கும் வைத்தியம் இல்லை. காலையில் போனவர் மாலையில் வீடு திரும்பிவிடுவார். ஆனால் அவர் கையில் ஏற்றிய மருந்து அதற்குள் உடம்பை விட்டு முழுதாக நீங்கியிருக்காது. அடுத்த சில நாட்களுக்குள் அவருக்கு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வரலாம், பக்கத்து நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும்போது வண்டி இடித்துவிடலாம். அப்போது அவரைக் கொண்டு போவது நுங்கம்பாக்கத்துக்கு இல்லை, தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ உள்ள பக்கத்து மருத்துவமனைக்குத்தான். அங்கே முதல் வேலையாக விரலில் ஆக்சிமீட்டர் கிளிப்பை மாட்டுவார்கள். மாட்டித்தான் ஆக வேண்டும். அந்த விரலுக்குள் ஒளிக்காகக் காத்திருக்கும் மருந்து ஓடுகிறது என்பது மட்டும் மாட்டுகிறவருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: ஒளிச் சிகிச்சையின் ஆபத்து சிகிச்சை அறையோடு முடிவதில்லை, நோயாளியோடு ஊருக்கு வருகிறது. ஆகவே எச்சரிக்கையும் அவரோடு ஊருக்கு வர வேண்டும்.

மருந்தும் ஒளியும் சந்திக்கும் இடம்

போட்டோடைனமிக் தெரபி, சுருக்கமாக பி.டி.டி. என்ற சிகிச்சையின் அடிப்படை எளிது. ஒளி படாதவரை சும்மா இருக்கும் ஒரு மருந்தை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். பிறகு நோய் இருக்கும் இடத்தில் மட்டும் குறிப்பிட்ட நிற ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளியை உறிஞ்சிய மருந்து, பக்கத்தில் உள்ள ஆக்சிஜனை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றுகிறது. அது அந்த இடத்துச் செல்களையும் ரத்தக் குழாய்களையும் சிதைக்கிறது. கண்ணுக்குப் பயன்படும் மருந்தின் பெயர் வெர்டிபோர்பின். விசுடைன் என்ற பெயரில் விற்கிறார்கள். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அனுமதி பெற்றது. முதுமையில் விழித்திரையின் மையம் கெடும் நோய்க்காக வந்த இம்மருந்து, விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய்கள் குமிழ்களாகப் புடைக்கும் நோய்க்கும், நீர் கோத்துப் பார்வை மங்கும் நோய்க்கும் இன்று பயன்படுகிறது. குமிழ் நோய் ஆசிய மக்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் வந்த பிறகு இந்தச் சிகிச்சையின் தேவை குறைந்தது உண்மை. என்றாலும் இந்த நோய்களில் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது.

அளவுகளைப் பார்த்தால் இது எவ்வளவு கணக்காகச் செய்யப்படும் வேலை என்பது புரியும். உடலின் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம் என்ற கணக்கில் மருந்தை 10 நிமிடம் நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். ஏற்றத் தொடங்கிய 15ஆம் நிமிடத்தில் 689 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரைக் கண்ணுக்குள் 83 விநாடி செலுத்துகிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 ஜூல் ஒளி சேர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். கண்ணுக்குள் இத்தனை துல்லியம். மருந்தோ கண்ணுக்கு மட்டும் போவதில்லை. விரல் நுனி, காது மடல், உள்ளங்கால் என்று ரத்தம் போகிற இடமெல்லாம் போகிறது. அந்த இடங்களில் விழும் ஒளியை யாரும் விநாடிக் கணக்கில் அளப்பதில்லை.

இனி ஆக்சிமீட்டருக்கு வருவோம். ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்த டாகுவோ அயோயாகி என்ற பொறியாளர் 1974இல் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்த கருவி இது. கிளிப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு சின்ன எல்.இ.டி. விளக்குகள் இருக்கும், மறு பக்கத்தில் ஒளியை அளக்கும் சென்சார் இருக்கும். ஒரு விளக்கின் ஒளி 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு. இன்னொன்று 940 அளவிலான அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளிகளையும் வேறு வேறு அளவில் உறிஞ்சுவதால், அந்த வித்தியாசத்தை வைத்துக் கருவி ஆக்சிஜன் அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறது. சாதாரணத் தோலுக்கு அந்தச் சிவப்பு ஒளியால் கெடுதல் இல்லை. ஆனால் சிவப்பு ஒளிக்கென்றே செய்த மருந்து தோலில் இருக்கும்போது கதை மாறுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்காக ஐரோப்பாவில் 2001இல் அனுமதி பெற்ற டெமோபோர்பின் என்ற மருந்தை இயக்கும் ஒளி 652 நானோமீட்டர். ஆக்சிமீட்டரின் 660க்கும் இதற்கும் இடைவெளி 8 நானோமீட்டர்தான். எல்.இ.டி. விளக்கு லேசரைப் போல ஒற்றை அலைநீளத்தைக் கக்குவதில்லை, இரு பக்கமும் கொஞ்சம் பரவும். ஆகவே இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம் என்றே சொல்லலாம்.

இது ஊகம் இல்லை. வெர்டிபோர்பினின் மருந்துக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. வெயிலையும், பல் மருத்துவரின் விளக்கையும், ஆபரேஷன் தியேட்டரின் பெரிய விளக்கையும் தவிர்க்கச் சொல்லும் அதே பத்தியில், பல்ஸ் ஆக்சிமீட்டர் போன்ற ஒளி உமிழும் மருத்துவக் கருவிகளை நெடுநேரம் உடம்பில் வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. எத்தனை நாளைக்கு என்பதில் அமெரிக்கக் குறிப்பேடு 5 நாள் என்கிறது. ஐரோப்பியக் குறிப்பேடு 48 மணி நேரம் என்கிறது. டெமோபோர்பினின் குறிப்பேடு இன்னும் ஒரு படி மேலே போய், ஆக்சிமீட்டரை 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒரு முறையாவது வேறு இடத்துக்கு மாற்றச் சொல்கிறது. காரணமாகத் தோல் வேகும் ஆபத்தையே குறிப்பிடுகிறது. மருந்தைத் தயாரித்தவர்களே எழுதிவைத்த எச்சரிக்கை, கிளிப்பைக் கையில் எடுக்கும் சிஸ்டரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், மருந்துப் பெட்டிக்குள் மடித்த தாளில் கிடக்கிறது.

கெடுதலைத் தீர்மானிப்பது நேரம்

இத்தனை மங்கலான விளக்கா தோலைச் சுடும் என்ற சந்தேகம் நியாயமானது. பதில் பெருக்கல் கணக்கில் இருக்கிறது. தோலில் சேரும் ஒளியின் அளவு என்பது ஒளியின் வலிமையை நேரத்தால் பெருக்கி வருவது. டெமோபோர்பின் சிகிச்சையில் புற்றுக்கட்டியின் மேல் சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் வலிமையுள்ள ஒளியை 200 விநாடி பாய்ச்சுகிறார்கள். மொத்தம் 20 ஜூல். கட்டியைக் கருக்க அது போதும். விரல் கிளிப்பின் ஒளி இதில் நூறில் ஒரு பங்கு, அதாவது 1 மில்லிவாட்தான் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது 3.6 ஜூல் ஆகும். ஐந்தரை மணி நேரம் அசையாமல் அதே இடத்தில் இருந்தால் 20 ஜூலைத் தொட்டுவிடும். கட்டிக்குக் கொடுத்த அதே ஒளி, கேட்காத விரலுக்கும் கிடைத்துவிடுகிறது. அதே கிளிப்பை 15 நிமிடத்தில் இடம் மாற்றினால் ஒரு விரலில் சேர்வது 0.9 ஜூல். கருவிக்குக் கருவி வலிமை மாறும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. பத்து விரல்கள் இருக்கின்றன. கால் விரல்களும் காது மடல்களும் இருக்கின்றன. இடம் மாற்றுவதுதான் மருந்து என்று குறிப்பேடு சொல்வதன் பொருள் இதுவே.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஒளி மருந்து ஏற்றியவரைப் பாதுகாக்க எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மூடுவது. திரையை இழுத்துவிடுவார்கள், தியேட்டர் விளக்கைத் திருப்புவார்கள், கையைத் துணியால் போர்த்துவார்கள். எல்லாம் சரியே. ஆனால் ஆக்சிமீட்டரின் விளக்கு அந்தத் துணிக்கு உள்ளே இருக்கிறது. வெளி வெளிச்சத்தைத் தடுக்கும் எந்தப் போர்வையும் தோலை ஒட்டி எரியும் விளக்கைத் தடுக்காது. சொல்லப்போனால், போர்த்திய கையை யாரும் பிரித்துப் பார்க்காததால் கிளிப் இன்னும் கூடுதல் நேரம் ஒரே இடத்தில் இருந்துவிடும். கவனமாக இருக்கிறோம் என்ற நினைப்பே கவனத்தை மறைக்கும் இடம் இது.

பதிவான சான்றுகளும் இதையே காட்டுகின்றன. பி.டி.டி. சிகிச்சையை ஒட்டி ஆக்சிமீட்டரால் தோல் வெந்த சம்பவம் 1996இல் அனஸ்தீசியாலஜி என்ற மயக்கவியல் இதழில் வெளியானது. அதற்கு முன்பே 1990இல் அதே இதழ், ஒளி மருந்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு தீக்காயத்தைப் பதிவு செய்தது; அங்கே குற்றவாளி, ஒரு கம்பெனி மானிட்டரில் பொருந்தாத வேறு கம்பெனி ப்ரோபை, அதாவது தோலில் மாட்டும் பகுதியை, செருகியது. 1992இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் பச்சிளங்குழந்தைக்கு ஏற்பட்ட காயம் பதிவானது. எம்.ஆர்.ஐ. அறைக்குள் சாதாரண ஆக்சிமீட்டரின் வயரில் மின்னோட்டம் தூண்டப்பட்டு விரல் வெந்த செய்தி 1980களின் இறுதியிலேயே வந்துவிட்டது. காரணங்கள் வேறு வேறு: ஒன்றில் ஒளி, ஒன்றில் பொருந்தாத ப்ரோப், ஒன்றில் தூண்டப்பட்ட மின்னோட்டம். பொதுவான பாடம் ஒன்றுதான். விரலில் மாட்டும் ப்ரோபை வெறும் அளவுகோலாக நினைத்துவிடக் கூடாது. அது தோலுக்குள் சக்தியைச் செலுத்தும் கருவி. ஆக்சிமீட்டருக்கான சர்வதேசத் தர விதி, ப்ரோப் தோலைத் தொடும் இடத்தில் வெப்பம் பொதுவாக 41 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று எல்லை வகுத்திருப்பதற்கும் அதுவே காரணம்.

நம் தோல், நம் குழந்தைகள்

தோல் சிவந்தால் எடுத்துவிடலாமே என்று தோன்றும். அந்த நம்பிக்கை நம் ஊரில் பலிக்காது. சிவத்தல் வெளுத்த தோலில் சட்டென்று தெரியும். கறுத்த, மாநிறத் தோலில் தெரியாது, அல்லது கறுப்பு கூடியது போல மட்டும் தெரியும். மருத்துவப் பாடநூல்களின் படங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலில் எடுத்தவை என்பதால், படத்தை மனத்தில் வைத்துத் தேடுகிற கண்ணுக்கு நம் நோயாளியின் விரல் நன்றாக இருப்பதாகவே படும். எரிகிறது என்று அவரே சொல்வாரா என்றால், மயக்க மருந்தில் இருப்பவர் சொல்ல மாட்டார், வென்டிலேட்டரில் இருப்பவரால் சொல்ல முடியாது. நெடுநாள் சர்க்கரை நோயால் விரல் மரத்தவருக்கு எரிச்சலே தெரியாமல் போகலாம். ஆகவே தோலின் நிறத்தையும் நோயாளியின் வாயையும் நம்பி உட்காராமல் கடிகாரத்தை நம்ப வேண்டும். ஆக்சிமீட்டரின் அளவீடே கறுத்த தோலில் பிசகலாம் என்பதை 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு காட்டியது. கருவி நல்ல எண்ணைக் காட்டியபோதும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, கறுப்பின நோயாளிகளில் வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. எண்ணிலும் சரி, தோலிலும் சரி, நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கருவியைக் கூடுதல் கவனத்தோடுதான் கையாள வேண்டும்.

ஒளிச் சிகிச்சை என்றதும் பெரும்பாலான வீடுகளுக்கு நினைவு வருவது கண் லேசர் இல்லை, பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல விளக்குதான். நிறை மாதக் குழந்தைகளில் சுமார் 60 சதவீதமும் குறை மாதக் குழந்தைகளில் சுமார் 80 சதவீதமும் முதல் வாரத்தில் மஞ்சள் பூப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அவர்களில் ஒரு பகுதிக்கு விளக்கு தேவைப்படும். 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கவனித்துச் சொன்னதில் தொடங்கிய சிகிச்சை இது. 1958இல் லான்செட் இதழில் முதல் கட்டுரை வந்தது. இன்று எல்.இ.டி. நீல விளக்குகள் சென்னையிலேயே தயாராகின்றன. டி-ரெவ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு வடிவமைத்த பிரில்லியன்ஸ் விளக்கைத் தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். ஒரு செவிலியரின் கூர்மையான பார்வையிலிருந்து பிறந்த வைத்தியம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதைப் பாதுகாப்பாக நடத்துவதும் அந்தப் பார்வைக்கு நேரம் ஒதுக்குவதைப் பொறுத்ததே.

இங்கே ஆபத்தின் வழி வேறு. நீல விளக்கின் ஒளி 460 முதல் 490 நானோமீட்டர். ஆக்சிமீட்டரின் சிவப்போடு அதற்கு உறவில்லை. ஆனால் பலமான நீல விளக்கு சென்சாரில் பட்டால் அளவீடு தடுமாறும். அதனால் ப்ரோபின் மேல் ஒளி புகாத துணியையோ டேப்பையோ சுற்றுவார்கள். குறை மாதக் குழந்தையின் மேல்தோல் இன்னும் முற்றாத தோல். இறுக்கிச் சுற்றிய டேப்பில் ரத்த ஓட்டம் குறையும்; ரத்தம் ஓடாத இடம் சூட்டைக் கடத்திவிட முடியாமல் தேக்கிக்கொள்ளும். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத வெப்பம் அந்தப் பிஞ்சுப் பாதத்தில் கொப்புளமாகும். ரத்தத்தின் வாயுக்களைத் தோல் வழியாக அளக்கும் இன்னொரு வகை மானிட்டர் 43, 44 டிகிரி வரை வேண்டுமென்றே சூடாக்கிக்கொண்டு வேலை செய்வது. அதைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றியே ஆக வேண்டும். நீல விளக்கோடு மருந்தும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். விழித்திரைப் படம் எடுக்க ஏற்றும் ஃபுளோரெசின் சாயம் நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். அந்தச் சாயம் ஏற்றிய குறை மாதக் குழந்தை நீல விளக்கின் கீழ் இருந்து தோல் கொப்பளித்த சம்பவம் 1985இலேயே குழந்தை மருத்துவ இதழில் வெளிவந்திருக்கிறது. பிறவியிலேயே போர்பிரியா என்ற அரிய கோளாறு உள்ள குழந்தைக்கு நீல விளக்கே ஆகாது. ஆகவே இங்கேயும் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள்: உடம்பில் என்ன மருந்து, மேலே என்ன ஒளி, எத்தனை நேரம்.

அந்தக் கேள்விகள் பயத்தைக் குறைக்கவும் உதவும். வெண்புள்ளிகளுக்கும் சோரியாசிஸுக்கும் சோராலன் மாத்திரை கொடுத்து வெயிலிலோ விளக்கிலோ நிற்கச் சொல்லும் சிகிச்சை தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. சோராலனை இயக்குவது புற ஊதாக் கதிர். ஆக்சிமீட்டரில் அது இல்லை. ஆகவே அந்த நோயாளிகள் கிளிப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, வெயிலைக் கண்டுதான் அஞ்ச வேண்டும். ஒளி என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கலக்கினால் தேவையற்ற பீதியும் தேவையான இடத்தில் அசட்டையும் ஒரே நேரத்தில் வளரும்.

எழும் மறுப்புகள்

இவ்வளவு அபூர்வமான ஆபத்துக்கு இத்தனை ஏற்பாடா என்பது முதல் மறுப்பு. அபூர்வம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு தடுப்பு முறையை எடைபோடும்போது ஆபத்தின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, தடுப்பதற்கான செலவையும் பார்க்க வேண்டும். ஒரு கேள்வி கேட்பதற்கும் ஒரு கிளிப்பை அடுத்த விரலுக்கு மாற்றுவதற்கும் ரூபாய் கணக்கில் செலவு கிடையாது. அதோடு, இடம் மாற்றும் பழக்கம் ஒளி மருந்து ஏற்றியவருக்கு மட்டும் பயன்படுவதில்லை. பல நாள் ஐ.சி.யூ.வில் கிடக்கும் முதியவரின் விரலில் அழுத்தப் புண் வராமல் காப்பதும் அதே பழக்கம்தான். குறை மாதக் குழந்தையின் பாதத்தைக் காப்பதும் அதுவே. சாதாரண நோயாளிக்குக்கூட மறுபடி பயன்படுத்தும் கிளிப்பை 4 மணி நேரத்துக்கு ஒரு முறையும், ஒட்டும் வகையை 8 மணி நேரத்துக்கு ஒரு முறையும் மாற்றச் சொல்லிப் பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் அறிவுறுத்துகின்றன. அந்தப் பொது விதி ஒழுங்காக நடக்கும் வார்டில், ஒளி மருந்துக்கான 15 நிமிட விதியைச் சேர்ப்பது பெரிய வேலை ஆகாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது, பணியில் இருப்பவர்கள் சொல்வது. இரவு டூட்டியில் ஒரே சிஸ்டர் பல படுக்கைகளைப் பார்க்கும்போது 15 நிமிடத்துக்கு ஒரு முறை கிளிப் மாற்று என்றால் எப்படி? இந்தக் கேள்விக்குச் சிஸ்டரைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது, நிர்வாகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காயம் வந்த பிறகு கவனக்குறைவு என்று மெமோ கொடுப்பது எளிது. மாற்ற வேண்டிய நேரத்தை கேஸ் ஷீட்டில் அச்சடித்த கட்டமாக வைப்பதும், அப்படிப்பட்ட நோயாளி இருக்கும் ஷிப்டில் கூடுதலாக ஒரு கை கொடுப்பதும் நிர்வாகத்தின் கடமை. தியேட்டரில் இந்த இடைஞ்சல் இன்னும் குறைவு. மயக்க மருந்து நிபுணர் நோயாளியின் தலைமாட்டிலேயே இருக்கிறார், ரத்த அழுத்தம் குறிக்கும்போதே கிளிப்பையும் மாற்றிவிடலாம். நிலை சீராக உள்ளவருக்குத் தொடர்ந்து மாட்டிவைக்காமல் இடையிடையே அளந்துவிட்டுக் கழற்றலாமா என்பதை டாக்டர் முடிவு செய்யலாம். அப்படி முடிவு செய்தால் ஆபத்தும் வேலையும் சேர்ந்தே குறையும்.

மூன்றாவது மறுப்பு, இதையெல்லாம் எழுதினால் மக்கள் ஆக்சிமீட்டரையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கொரோனா காலத்தில் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த கருவி அது. ஆக்சிஜன் குறைவதை முன்கூட்டியே சொல்லி உயிர் காத்தது. தாம்பரம் சானடோரியத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கி இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கும் இடத்தில், ஆக்சிமீட்டர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. ஆகவே இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட வேண்டும்: ஒளி மருந்து ஏற்றியவரும் அவசரத்தில் ஆக்சிமீட்டரை மறுக்கவே கூடாது. மூச்சு நிற்பதைவிட விரல் கொப்பளிப்பது சின்ன விஷயம். வீட்டில் ஒரு நிமிடம் மாட்டிப் பார்த்துக் கழற்றுவதால் கெடுதல் இல்லை. குறிப்பேடு தடுப்பது நெடுநேரத்தைத்தான். உண்மையை முழுதாகச் சொன்னால் மக்கள் புரிந்துகொள்வார்கள். பாதி சொல்லி மறைத்தால்தான் வதந்தி பிறக்கும்.

யார் என்ன செய்ய வேண்டும்

முதல் பொறுப்பு மருந்து ஏற்றும் மருத்துவமனையுடையது. வெயிலில் போகாதீர்கள், கறுப்புக் கண்ணாடி போடுங்கள், முழுக்கை சட்டை போடுங்கள் என்பவை வழக்கமான அறிவுரைகள். அவற்றோடு மூன்று வரி சேர வேண்டும். ஒன்று, சன்ஸ்கிரீன் பூசினால் போதும் என்று நினைக்கக் கூடாது. இந்த மருந்தை இயக்குவது கண்ணுக்குத் தெரியும் ஒளி, சன்ஸ்கிரீன் தடுப்பது புற ஊதாக் கதிரை. இரண்டு, இருட்டறையில் அடைந்து கிடக்கவும் கூடாது. வீட்டுக்குள் இருக்கும் மிதமான வெளிச்சம் தோலில் உள்ள மருந்தை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும் என்பதால் அது நல்லதே. மூன்று, எந்த மருத்துவமனைக்குப் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும், ஒளி மருந்து ஏற்றியிருப்பதை முதலில் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் தமிழில், மருந்தின் பெயரோடும் ஏற்றிய தேதியோடும் எச்சரிக்கை முடியும் தேதியோடும், சட்டைப் பையில் வைக்கும் அளவு அட்டையில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியின் மூன்றாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருப்பது ஜி.எஸ்.டி. சாலையில் மயங்கி விழுந்தவருக்கு உதவாது. மருந்து ஏற்றும்போது நரம்புக்கு வெளியே கசிந்திருந்தால் அந்தக் கையையும் அட்டையில் குறித்துக் கொடுக்க வேண்டும். வீக்கமும் நிறமாற்றமும் போகும்வரை அந்த இடத்தில் வெளிச்சம் படக் கூடாது, கிளிப்பையும் மறு கையில்தான் மாட்ட வேண்டும்.

இரண்டாம் பொறுப்பு நோயாளியை வாங்கிக்கொள்ளும் ஊர் மருத்துவமனைகளுடையது. சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று எல்லோரிடமும் கேட்கிறார்கள். அந்த வரிசையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: கடந்த ஒரு மாதத்தில் ஒளிச் சிகிச்சைக்காக ஊசி போட்டீர்களா? ஒரு மாதம் என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வெர்டிபோர்பினுக்கு 5 நாள் என்றால், டெமோபோர்பினுக்கு 15 நாள், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட போர்பைமர் சோடியத்துக்குக் குறைந்தது 30 நாள் ஒளிக் கூச்சம் நீடிக்கும். 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸிலும் இந்தக் கேள்வி இடம்பெறலாம்.  வெர்டிபோர்பின் ஏற்றி 48 மணி நேரத்துக்குள் அவசர அறுவை செய்ய நேர்ந்தால், வயிற்றையோ நெஞ்சையோ திறக்கும்போது உள்ளுறுப்புகளையும் பலத்த வெளிச்சத்திலிருந்து இயன்றவரை மறைக்கச் சொல்கிறது குறிப்பேடு. தியேட்டருக்குள் நுழையும் முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால்தான் அதைச் செய்ய முடியும்.

மூன்றாம் பொறுப்பு கருவி வாங்குகிறவர்களுடையது. ப்ரோப் பழுதானால் மலிவாகக் கிடைக்கும் வேறு ப்ரோபைச் செருகிப் பார்ப்பது சின்ன நர்சிங் ஹோம்களில் நடக்கக்கூடியதே. பிளக் பொருந்துவதால் மின்னளவும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. 1990 சம்பவம் சொல்வது அதைத்தான். மானிட்டர் தயாரிப்பாளர் அனுமதித்த ப்ரோபை மட்டும் வாங்க வேண்டும், வயர் நைந்ததையும் உறை கிழிந்ததையும் அன்றே ஒதுக்க வேண்டும். காயம் என்று ஒன்று வந்துவிட்டால் மறைக்கக் கூடாது. மருத்துவக் கருவிகளால் வரும் கெடுதல்களைத் திரட்ட, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தில் 2015 ஜூலை முதல் ஒரு தேசியத் திட்டம் இயங்குகிறது; 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம். இத்தகைய காயங்கள் நம் நாட்டில் எத்தனை என்று கணக்கெடுக்க வேண்டுமானால், முதலில் அவற்றை யாராவது சொல்ல வேண்டும். சொன்னவரைத் தண்டிக்காத மருத்துவமனையில்தான் அடுத்த காயம் தடுக்கப்படும்.

பீர்க்கன்கரணை 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. பேரூராட்சியாக இருந்த ஊர் மாநகராட்சியின் பகுதியானால் சாலையும் குடிநீரும் மட்டும் மாநகரத் தரத்துக்கு வந்தால் போதாது; மருத்துவத் தகவலும் வர வேண்டும். நகரத்தின் நடுவில் உயர் சிகிச்சை, ஓரத்தில் அவசர சிகிச்சை என்று ஒரே உடம்பை இரண்டு மருத்துவமனைகள் பங்குபோட்டுக்கொள்ளும் காலத்தில், இரண்டுக்கும் நடுவே செய்தி அறுந்துபோனால் பாதிக்கப்படுவது நோயாளி. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஜி.எஸ்.டி. சாலையோரத் தனியார் மருத்துவமனைகளிலும் அந்த ஒற்றைக் கேள்வியைச் சேர்க்கையின்போதே கேட்கும் படிவத்தில் அச்சடிக்க ஒரு சுற்றறிக்கை போதும். கண் மருத்துவமனைகளும் புற்றுநோய் மருத்துவமனைகளும் தமிழில் அட்டை கொடுக்க ஒரு முடிவு போதும். இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். தடுக்கத் தெரிந்த காயத்தைத் தடுக்காமல் விடுவதற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது. அட்டை கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கட்டும், கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும். அதுவரை, சிகிச்சை முடிந்து புறப்படும் ஒவ்வொருவரும் எத்தனை நாள் எச்சரிக்கை, எந்தக் கருவியிடம் எச்சரிக்கை என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டே ரயில் ஏற வேண்டும்.